54 வயதில் சாறி விற்கப் போகிறேன்: என்ன உடுப்பது, எப்படிக் கதைப்பது?

தங்கச்சி, மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. மருதமுனைத் தறிகளில் எடுக்கும் சாறிகளை விற்பதற்கு அடுத்த மாதம் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் 20 நிமிடம் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், 60 பேரளவில் வருவார்கள், என்ன உடுத்துக்கொண்டு போவது என்பது ஒன்று. நச்சரிக்கிறாள் என்று யாரும் நினைக்காமல் எப்படி விற்பது என்பது மற்றது. ஆனால் நடுவில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் இருக்கும் மகள் சல்வாருக்கு மேல் கோட்டுப் போடச் சொல்கிறா. பக்கத்து வீட்டு அக்கா, "அவரும் போன பிறகு, இந்த வயதில் வெளிர் நிறம்தான் வடிவு" என்கிறா. 54 வயதில், கணவனை இழந்த ஒரு பெண் சபையில் எழுந்து நின்றால் ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதுதான் உங்களை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் 26 வருடம் தையல் கடை வைத்திருந்தவள். ஐம்பது வயது கடந்த பெண்களுக்குச் சாறிச் சட்டை தைப்பதுதான் என் பெரிய வேலையாக இருந்தது. பிறகு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சுயதொழில் செய்யும் பெண்களுக்குச் சபையில் கதைக்கவும் பொருள் விற்கவும் பழக்கிக் கொடுக்கிறேன். கடையில் கண்டது, கூட்டங்களில் கண்டது, கொஞ்சம் படித்தது, இந்த மூன்றிலும் இருந்துதான் சொல்கிறேன்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லவேண்டும். 2011 தை மாத வெள்ளம் வயலெல்லாம் மூடிப்போன வருடம், பங்குனியில் படுவான்கரையில் ஒரு கிராமத்துக்குத் துணி விற்கப் போனேன். மரியாதையாகத் தெரியவேண்டும் என்று மினுங்கும் பட்டுச் சாறி, கழுத்து நிறைய நகை. பாயில் இருந்த பெண்கள் நான் கதைத்தது முழுவதையும் கேட்டார்கள். ஒருவரும் கிட்ட வந்து துணியைத் தொடவில்லை. போகும்போது ஒரு தங்கச்சி படலை வரைக்கும் வந்து மெதுவாகச் சொன்னா: "நீங்க பெரிய இடத்து ஆக்கள் மாதிரி இருந்தீங்க அக்கா, விலை கேக்க எங்களுக்கு வெக்கமா இருந்துச்சி." அவர்கள் விளைச்சலைத் தண்ணீரில் விட்டுவிட்டு இருக்கிறார்கள், நான் மினுங்கிக்கொண்டு நிற்கிறேன். சாறியில் பிழை இல்லை. யார் முன்னால் நிற்கப் போகிறேன் என்று யோசிக்காமல் அலுமாரியைத் திறந்ததுதான் பிழை. அன்றிலிருந்து எங்கே போவதென்றாலும், அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில், சுவரோடு சாய்ந்து, மடியில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணாக என்னை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் உடுப்பும் எடுப்பேன், சொல்லும் எடுப்பேன்.

அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்து பார்த்தால் உங்கள் மகளின் யோசனை சரிவராது. மகள் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறா, கொழும்பில் அது பொருந்தும். ஆனால் நீங்கள் விற்கப்போவது சாறி. சாறி விற்க வந்தவ சாறி உடுக்கவில்லை என்றால், "அவவே உடுக்கல்ல, நமக்கு என்னத்துக்கு" என்ற கதை மண்டபத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைப் பல்தேவைக் கட்டடத்துக்குள் கோட்டோடு நிற்பது வேறு ஒரு தண்டனை. நீங்கள் கொண்டுபோகும் சாறிகளில் நடுத்தர விலைச் சாறி ஒன்றை உடுத்துப் போங்கள். ஆகக் கூடிய விலைச் சாறியை உடுத்தால் மற்றவை மங்கிப்போகும்.

நிறத்தைப் பற்றி. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நானும் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். என் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்கிறேன்: கணவன் போனதோடு நிறமும் போகவேண்டும் என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. கடைக்கு வந்து மாதுளை நிறத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு இனி என்னத்துக்கு" என்று சாம்பல் நிறத்தை எடுத்துப்போன பெண்களின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதே நேரம் ஊரில் நாளைக்கும் வாழப்போவது நீங்கள், நான் இல்லை. ஒரேயடியாக மாம்பழ மஞ்சளுக்குத் தாவ மனம் ஒப்பவில்லை என்றால், கடும் நீலம், இலைப்பச்சை, கோப்பி நிறம் போன்ற ஆழ்ந்த நிறத்தில் தெளிவான கரையோடு தொடங்குங்கள். அதில் ஒருவரும் குறை காணமாட்டார்கள், முகமும் எடுபடும். தலைமுடி நரைக்க நரைக்க முகத்துக்கும் முடிக்கும் இடையில் இருந்த நிற வேறுபாடு மாறுகிறது. அதனால் முன்பு பொருந்திய வெளிர் நிறங்கள் இப்போது சிலருக்கு முகத்தைச் சோர்வாகக் காட்டலாம். முகத்துக்குக் கிட்ட இருப்பது சட்டையின் கழுத்தும் தோளில் போகும் கரையும்தான். அந்த இரண்டும் தெளிவான நிறமாக இருந்தால் உடல் நிறம் எதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம். பார்க்கும்போது பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குக் கிட்ட நின்று துணியைக் கழுத்தோடு பிடித்துப் பாருங்கள். கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே தெரியும் நிறமும் வெயிலில் தெரியும் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்த விடயத்தில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒவ்வொருவரின் தோலுக்கும் "பருவம்" பிரித்து இன்னின்ன நிறம்தான் பொருந்தும் என்று அட்டவணை போடுவதையும், சிவப்பு உடுத்தால் வியாபாரம் கூடும் என்பதையும் நான் நம்பிச் சொல்லமாட்டேன், அதற்குப் பலமான ஆதாரம் இல்லை. குறுக்குக் கோடு உடம்பைப் பருமனாகக் காட்டும் என்று நம் கடைகளில் எல்லோரும் சொல்வோம், நானும் வருடக்கணக்காகச் சொன்னேன். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜேர்மானிய அறிஞர், குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். 2011இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தொம்சன் என்பவர் அதை உடுப்புக்குப் பொருத்திப் பார்த்து, குறுக்குக் கோடு ஆளைப் பருமனாகக் காட்டவில்லை என்று வெளியிட்டார். பிடித்த கோட்டை உடுங்கள்.

சட்டையில்தான் நீங்கள் கூடக் கவனம் வைக்கவேண்டும், அங்கேதான் அரைவாசிப் பேர் பிழை விடுகிறார்கள். பத்து வருடத்துக்கு முந்திய அளவுச் சட்டையைக் கொண்டுவந்து "இதே அளவு, கொஞ்சம் விட்டுத் தையுங்க" என்பார்கள். ஐம்பதுக்குப் பிறகு பலருக்குத் தோள் சற்று முன்னால் வருகிறது, முதுகின் மேற்பகுதி வளைகிறது, மார்பு கீழிறங்குகிறது. வெறுமனே பக்கத்தை விட்டால் இடுப்பு தளரும், முதுகோ அப்படியே இழுத்துக்கொண்டு நிற்கும். கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். பின்கழுத்து மேலே எழும்பி, முன்பக்கம் அக்குளில் இருந்து மார்பை நோக்கிச் சரிவான மடிப்பு விழுந்தால், முன்பக்கமும் பின்பக்கமும் புதிதாக அளவெடுத்து வெட்டவேண்டும். உள்ளாடையையும் புதிய அளவில் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்கவேண்டும். சட்டைக் கை, மேற்கையின் ஆகப் பருத்த இடத்தில் முடியக்கூடாது. முழங்கைக்கு ஒரு அங்குலம் மேலே அல்லது கீழே முடிந்தால் அழகு, முஸ்லிம் பெண்கள் இருக்கும் சபையிலும் பொருத்தமாக இருக்கும். நீங்கள் கையை உயர்த்தித் துணியை விரித்துக் காட்டப் போகிறீர்கள், ஆகவே அக்குளில் ஒரு சிறு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், சட்டை மேலே ஏறாது. நூல் துணியைத் தைக்க முதல் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடவேண்டும். தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய ஒண்ணா.

சாறியைப் புதுக் கஞ்சி மொடமொடப்போடு உடுக்காதீர்கள். இடுப்பில் உப்பி நின்று ஆளை அகலமாக்கும். இரண்டு மூன்று தரம் தோய்த்து, மெல்லிய சோற்றுக் கஞ்சி போட்டு அயன் பண்ணிய நூல் சாறி உடம்போடு விழும். போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே உடுங்கள், அப்போதுதான் உயரம் சரியாக நிற்கும். நாடா போட்ட பாவாடையை விட அகலப் பட்டி வைத்த பாவாடை நல்லது, ஒரு மணித்தியாலம் நின்றாலும் இடுப்பை அறுக்காது. கொய்யகத்துக்கு உள்ளே ஒரு பின், தோளில் ஒரு பின் போதும். தலைப்பை நீளமாக விடுங்கள், அதுதான் நீங்கள் கையில் எடுத்துக் காட்டப்போவது. இந்த வயதில் இன்னொன்றும் இருக்கிறது, கடையில் பெண்கள் காதோடு காதாகத்தான் கேட்பார்கள். மாதவிடாய் நிற்பது பெரும்பாலானோருக்கு 45க்கும் 55க்கும் இடையில், அந்தக் காலத்தில் திடீரென்று முகம் கொதித்து வியர்க்கும். பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, நூல் உறிஞ்சும். சட்டைக்கு உள்துணியும் நூலாகவே இருக்கட்டும். வியர்வை நனைந்தால் காட்டிக்கொடுக்கும் வெளிர் சாம்பலும் வெளிர் நீலமும் சட்டைக்கு வேண்டாம். அதே காலத்தில் சிலருக்குக் குரலும் கனத்து வறண்டுபோவதுண்டு. கதைக்கத் தொடங்க முதலே இடைக்கிடை தண்ணீர் குடியுங்கள். கிழமைக்கணக்கில் குரல் கம்மியே இருந்தால் அது நான் சொல்லும் விடயம் இல்லை, வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இனிக் கதைப்பது. பயிற்சி வகுப்புகளில் "கேட்பவர் மனதில் பதிவது 55 வீதம் உடல்மொழி, 38 வீதம் குரல், 7 வீதம்தான் சொல்" என்று பலகையில் எழுதிக் காட்டுவார்கள். நானும் எழுதியெடுத்துக்கொண்டு வந்தவள்தான். பிறகுதான் அதன் மூலத்தைப் பற்றி வாசித்தேன். 1967இல் அமெரிக்காவில் அல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் செய்த இரண்டு சிறு சோதனைகளில் இருந்து அந்தக் கணக்கு வந்தது. தனிச் சொல்லை வெவ்வேறு குரலில் சொல்லவைத்து, முகப் படங்களையும் காட்டி, சொல்பவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்டிருக்கிறார்கள். உணர்ச்சியைப் பற்றிய கதைக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்று அவரே பின்னர் தெளிவுபடுத்தியிருக்கிறார். சாறியின் விலையையும் சாயத்தையும் தவணையையும் சொல்லும்போது 7 வீதக் கணக்கு செல்லாது. அங்கே சொல்தான் முழுப் பாரத்தையும் தூக்குகிறது. கையை எப்படி வைப்பது என்று பயப்படுவதை விட்டுவிட்டு, என்ன சொல்வது என்பதில் நேரத்தைச் செலவழியுங்கள்.

உங்களுக்குத் தந்திருப்பது 20 நிமிடம் என்றால், 8 நிமிடத்துக்கு ஆயத்தப்படுத்துங்கள். விளக்கேற்றல், மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்து உங்கள் பெயரைக் கூப்பிடும்போது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நேரமாகிவிடும். அந்த 8 நிமிடத்தில் "கௌரவ தலைவி அவர்களே" என்று வரிசையாக எல்லோரையும் விளிக்கவேண்டாம். ஒரு வணக்கம் போதும். மேடைத் தமிழும் வேண்டாம். வீட்டில் கதைப்பதுபோல "என்னகா, மறுகா" என்று கதைத்தால் முகங்கள் தளர்வது உங்களுக்கே தெரியும். வயதில் மூத்த முஸ்லிம் பெண்கள் இருந்தால் "ராத்தா" என்று கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய்ச் செயலாளரிடமோ முன்னுக்கு வந்திருப்பவர்களிடமோ கேளுங்கள்: இந்த ஊரில் இப்போது கையில் காசு இருக்கிறதா, பெரும்போக வெட்டு முடிந்துவிட்டதா, கோயில் திருவிழா எப்போது, ஆசிரியைகள் எத்தனை பேர், கூலிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர். நெல் விற்ற காசு வராத ஊரில் கல்யாணச் சாறியைப் பற்றிக் கதைத்து ஒரு பயனும் இல்லை. அங்கே தினம் உடுக்கும் சாறியையும், மருதமுனையில் நெய்யும் சாரத்தையும் காட்டுவேன்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்தது ஒரு கிழவி. அம்பாறைக் கரையோரத்தில் ஒரு கூட்டம். நான் தறி, பாவு, ஊடை என்று நெசவைப் பற்றி அழகாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவ எழும்பி வந்து, சாறியின் கரையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தா. பிறகு நாக்கில் விரலை நனைத்து மறுபடி தேய்த்து, விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தா. "இது எத்தனை தோய்ப்புக்கு நிக்கும் மகள்?" என்று கேட்டா. என்னிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரே வகைச் சாறி இரண்டு கொண்டுபோனேன், ஒன்று புதியது, மற்றது நானே ஒரு வருடமாக உடுத்துத் தோய்த்தது. தோய்த்த சாறியைத்தான் முதலில் வரிசைக்குள் விட்டேன். கையால் தொட்டுத் தொட்டு அது கடைசி வரிசைக்குப் போகும்வரை வாய் திறக்கவில்லை. அன்று விற்றதைப் போல அதற்கு முன் ஒருநாளும் விற்றதில்லை. நீங்கள் உடுத்துப்போகும் சாறியே அந்தத் தோய்த்த சாறியாக இருக்கலாம். தலைப்பைப் பிடித்து, "இது நான் இருபது தரம் தோய்ச்சது, தொட்டுப் பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையாகவே இருபது தரம் தோய்த்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

சாயத்தைப் பற்றி உறுதி கொடுக்க முதல் ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஏறினால் "முதல் இரண்டு தோய்ப்பைத் தனியாகத் தோயுங்க" என்று நீங்களே சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை இருக்கிறது, ஏற்றி முடித்த துணியில் அது சாயத்தைப் பிடித்து வைப்பதில்லை. கைத்தறியா விசைத்தறியா என்று கேட்பார்கள். கரையோரத்தில் வரிசையாகச் சிறு ஊசித்துளைகள் இருப்பதையும் நெசவில் சிறு ஏற்றத்தாழ்வு இருப்பதையும் அடையாளமாகச் சொல்வார்கள். அவை உதவும், ஆனால் முடிவான சாட்சி இல்லை. நீங்கள் தறியில் நேரே நின்று எடுத்ததை மட்டும் கைத்தறி என்று சொல்லுங்கள். பொருளின் தன்மையைப் பொய்யாகச் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் தடைசெய்கிறது. மண்டபத்தில் ஒருவருக்குப் பொய் சொன்னால் அடுத்த நாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய தடை.

நச்சரிப்பதாகத் தெரியக்கூடாது என்று கேட்டீர்கள். விலையை ஒளிப்பதில் இருந்துதான் நச்சரிப்புத் தொடங்குகிறது. மூன்றாவது நிமிடத்திலேயே விலையைச் சொல்லிவிடுங்கள், சொன்னதும் கொஞ்சம் சும்மா இருங்கள். விலைக்குப் பின்னால் வரும் அமைதியைத் தாங்க முடியாமல் நாங்கள்தான் "குறைச்சித் தரலாம்" என்று முந்திக்கொள்கிறோம். தலைவியை முதலில் வாங்கவைத்து மற்றவர்களுக்குக் காட்டவும் வேண்டாம். சங்கத்துக் கடனுக்கோ கையெழுத்துக்கோ அவவிடம் போகவேண்டிய பெண்கள், வாங்காவிட்டால் பிழையோ என்று பயந்து வாங்குவார்கள். வீட்டுக்குப் போனதும் அந்தச் சாறி அவர்களுக்கு நெஞ்சில் பாரம். தவணைக்குக் கொடுப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்றதை எத்தனையோ பெண்கள் அனுபவித்திருக்கிறார்கள். 4500 ரூபாச் சாறி என்றால் மாதம் 1500 வீதம் மூன்று மாதம், மேலதிகமாக ஒரு சதமும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் கொப்பியிலும் அவர்கள் கொப்பியிலும் எழுதிக் கையெழுத்திடுங்கள். யார் கடனுக்கு எடுத்தார் என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியக்கூடாது. வாங்காமல் எழும்பிப் போகிறவர்களிடமும் பிள்ளையின் பெயரைக் கேட்டுச் சிரித்து அனுப்புங்கள். என்னிடம் நீண்டகாலம் வாங்கியவர்களில் பலர் முதல் நாள் வெறுங்கையோடு போனவர்கள்.

குறிப்பை அரைத் தாளில், தூரத்தில் பிடித்தாலும் கண்ணாடி இல்லாமல் தெரியும் அளவு பெரிய எழுத்தில், ஐந்து சொல் மட்டும் எழுதுங்கள். மைக் தந்தால் நாடிக்குச் சற்றுக் கீழே பிடித்து, ஸ்பீக்கருக்கு முன்னால் போகாமல் நில்லுங்கள், கீச்சென்று கத்தாது. ஒரு கையில் மைக், மறு கையில் சாறி என்றால் விரிக்க முடியாது, உதவிக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப் போங்கள். சட்டையை இந்தக் கிழமையே தைக்கக் கொடுத்துவிடுங்கள் தங்கச்சி. வந்ததும் வீட்டில் சாறியோடு உடுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அந்த எட்டு நிமிடத்தையும் நின்றபடியே ஒருதரம் கதைத்துப் பாருங்கள். எங்காவது இறுக்கிப் பிடித்தால் தையல்காரியிடம் திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்.